1.80 அங்குலத்திற்குள் ஒரு தோட்டா

2023 நவம்பர் 18, சனிக்கிழமை காலை. மிச்சிகனின் லெனவீ கவுண்டியில், அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டின் ஓரம். 85 கஜம் தூரத்தில் நின்ற பெண் மான் ஒரே குண்டில் விழுந்தது. அந்த ஒரு வெடிக்குப் பின்னால் பதினொரு மாத வேலை இருக்கிறது. அதில் பாதி நான் செய்த தவறுகளைத் திருத்தும் வேலை. குறிப்பேடு கையில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நோவை, கேன்டன், டிராய் பக்கம் கார்த் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழர்களில் சிலர் இப்போது துப்பாக்கி சுடும் பழக்கத்திற்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது என் ஐந்து மாதம் மிச்சமாகட்டும்.

ஊரில் இருப்பவர்கள் படித்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு மான் வேட்டை குற்றம், அது சரியானதும்கூட. இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் பெருகிக் கிடக்கின்றன. மாநிலமே உரிமம் கொடுத்து, நாள் குறித்து, எந்தப் பகுதியில் எந்தத் துப்பாக்கி என்பதுவரை விதி போட்டு வேட்டையை நடத்துகிறது. என் கதையின் முக்கியத் திருப்பமே அந்த விதியில்தான் இருக்கிறது.

2022 அக்டோபரில், உரிமம் பெற்ற கடை ஒன்றில், பழைய தாம்ஸன் சென்டர் கன்டென்டர் ஜி2 ரைஃபிள் ஒன்றை 640 டாலருக்கு வாங்கினேன். படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, அன்றே கையில் கொடுத்தார்கள். இது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. கீலில் மடிந்து திறக்கும். ஒரு தோட்டாவை வைத்து மூடிச் சுட வேண்டும், பிறகு திறந்து உறையை எடுக்க வேண்டும். வாரன் சென்டர் என்பவர் வடிவமைத்து 1967இல் நியூ ஹாம்ப்ஷயரின் ராச்செஸ்டரிலிருந்து வெளிவந்த கன்டென்டரின் இரண்டாம் தலைமுறை இது. இதன் அழகு என்னவென்றால், முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டை) திருகுகளைக் கழற்றி, கீல் முளையைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும். அதே சட்டகத்தில் வேறு தோட்டாவுக்கான குழலை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கி என்பது சட்டகம் மட்டும்தான். குழல் வெறும் உதிரிப் பாகம் என்பதால் அஞ்சலிலேயே வரும். ஆனால் தோளில் வைத்துச் சுடும் பின்கட்டை மாட்டியிருக்கும்போது 16 அங்குலத்திற்குக் குறைந்த குழலை மாட்டக்கூடாது. அப்படி மாட்டினால் 1934 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தனிப் பதிவு தேவைப்படும் ஆயுதம் ஆகிவிடும்.

நான் வாங்கியபோது அதில் .223 என்ற மெல்லிய ரைஃபிள் தோட்டாவுக்கான குழல் இருந்தது. தாள் இலக்கில் சுட அருமையான குழல். மிச்சிகனின் தென்பகுதியில் மானுக்கு அது செல்லாது. நிலம் தட்டை, வீடுகள் நெருக்கம், ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும் என்பதால் அந்தப் பகுதியில் நெடுங்காலம் ஷாட்கன், முன்பக்கமாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி, சில கைத்துப்பாக்கிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2014இல், .35 அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள நேர்சுவர்த் தோட்டா ரைஃபிள்களையும் சேர்த்தார்கள். நேர்சுவர் என்றால் உறை கழுத்துப் பகுதியில் குறுகாமல் அடியிலிருந்து வாய்வரை குழாய் போலவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உறையில் அடைபடும் மருந்து குறைவு, அதில் போகும் குண்டும் பருமனானது, காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும்.

ஆக, எனக்கு ஒரு நேர்சுவர்க் குழல் வேண்டும். பயன்படுத்திய குழல் நல்லதாகக் கிடைக்கவில்லை. கன்டென்டர் உற்பத்தி நின்றுபோயிருந்ததால் பழைய குழல்களுக்குப் புதியவற்றைவிட அதிக விலை கேட்டார்கள். தனியாகக் குழல் செய்து தரும் பட்டறை ஒன்றிடம் சொல்லிச் செய்வது என்று முடிவு செய்தேன்.

முதல் தவறு இங்கேதான் நடந்தது. அண்டை மாநிலம் ஒஹையோவின் டொலிடோவில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் .38-55 என்ற பழைய தோட்டாவில் மான் அடிப்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலக்குச் சுடும் போட்டிகளில் பெயர் வாங்கிய தோட்டா அது. மெல்லிய உதை, அடியில் விளிம்புள்ள உறை, துல்லியம் மூன்றும் உண்டு. அவர் வீட்டில் ஒரு நாள் முழுவதும் சுட்டுப் பார்த்தேன். மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. நேர்சுவர், .35க்கு மேற்பட்ட விட்டம், இரண்டும் சரி என்று 2022 டிசம்பரில் 150 டாலர் முன்பணம் அனுப்பிவிட்டேன்.

ஜனவரியில், வேட்டைக்கு நிலம் தருவதாகச் சொன்ன ஓய்வுபெற்ற பெரியவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் அச்சு வார்க்கும் பட்டறையில் இருந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: உறையின் நீளம் என்ன? வீட்டுக்கு வந்து மாநிலத்தின் வேட்டைக் கையேட்டைத் திறந்தேன். உறை 1.16 அங்குலத்திற்குக் குறையாமலும் 1.80 அங்குலத்திற்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நண்பரிடமிருந்து நினைவுக்காகக் கொண்டுவந்த .38-55 உறை மேசையில் இருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்தேன். 2.08. ஒஹையோவில் அந்த நீள வரம்பு இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் அதே தோட்டா குற்றம். நண்பர் தன் மாநிலத்திற்குச் சரியாகத்தான் சொன்னார். என் மாநிலத்தின் கையேட்டை நான் படிக்கவில்லை.

பட்டறைக்கு அன்று மாலையே எழுதினேன். அதிர்ஷ்டவசமாகக் குழலை இன்னும் கடையவில்லை. தோட்டாவை மாற்றிக்கொள்ளலாம், வரிசையில் என் இடம் அப்படியே இருக்கும், பத்து நாளில் முடிவு சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அந்தப் பத்து நாள்தான் இந்த வேலையின் உண்மையான படிப்பு. வேக அட்டவணைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வெர்னியரோடு தொடங்கினேன். .45-70, .444 மார்லின், .375 வின்செஸ்டர் எல்லாம் இரண்டு அங்குலத்தைத் தாண்டுகின்றன, போயின. நான் யோசித்தவற்றில் மிஞ்சியவை ஐந்து: .44 மேக்னம் (1.285), .357 மேக்ஸிமம் (1.605), .450 புஷ்மாஸ்டர் (1.70), .350 லெஜண்ட் (1.71), புதிதாக அறிவிக்கப்பட்டிருந்த .360 பக்ஹாமர் (வரம்பின் விளிம்பில் சரியாக 1.80).

அடுத்தது சட்டகத்தின் பலம். கன்டென்டர் சட்டகம் சிறியது. குழலைப் பின்னால் தாங்குவது ஒரு பூட்டும் கீல் முளையும்தான். வெடிக்கும்போது உறையின் அடிப்பகுதி பின்சுவரை எவ்வளவு விசையோடு தள்ளும் என்பதைக் கணக்கிட வேண்டும். உறையடியின் பரப்பை உச்ச அழுத்தத்தால் பெருக்கினால் தோராயமாக அது கிடைக்கும். உறை குழல் சுவரைப் பிடித்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும், ஆனால் ஒப்பிட இது போதும். சட்டகம் ஏற்கெனவே தாங்கிய .223க்கு ஏறத்தாழ 2.8 டன் வந்தது. தொழிற்சாலையே இந்தத் துப்பாக்கிக்குக் கொடுத்த .30-30க்கு 2.7 டன். ஒப்பிட்டுப் பார்க்க .308க்குப் போட்டேன், 4.9 டன் வந்தது. இந்தச் சட்டகத்துக்கு .308 குழல் ஏன் கிடைப்பதில்லை என்பது ஒரே வரியில் புரிந்துவிட்டது. பிறகு என் ஐந்து தோட்டாக்கள்: .44 மேக்னம் 2.7, .350 லெஜண்ட் 3.0, பக்ஹாமர் 3.2, புஷ்மாஸ்டர் 3.4. .357 மேக்ஸிமம் மட்டும் 2.05 டன். உறையின் விட்டமும் சிறியது, அழுத்தமும் 40,000 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) நின்றுவிடுகிறது.

புஷ்மாஸ்டரை அங்கேயே விட்டேன். அதன் உதையை மூன்று கிலோவுக்கும் குறைவான இந்தத் துப்பாக்கியில் வாங்க எனக்கு விருப்பமில்லை. பக்ஹாமர் காகிதத்தில் நன்றாக இருந்தது, .30-30 உறையிலிருந்து பிறந்தது, விளிம்பும் உண்டு. ஆனால் அதற்கான அறையை, அதாவது குழலில் தோட்டா அமரும் இடத்தை, கடையும் ரீமர் பட்டறையிடம் இல்லை, தனியாக உறையும் அன்று கிடைக்கவில்லை. லெஜண்டைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது, எந்தக் கடையிலும் கிடைக்கும், விலை குறைவு. கடைத் தோட்டாவை மட்டும் நம்பிச் சுடுபவருக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன்.

நான் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் விளிம்பு. மடிந்து திறக்கும் துப்பாக்கிக்கு விளிம்புள்ள உறையே இயல்பானது. விளிம்பு குழலின் பின்முகத்தில் அமர்கிறது, தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சுட்ட பிறகு உறையை இழுக்கும் நகத்துக்கு அந்த விளிம்பே பிடி. விளிம்பில்லாத உறையில் அந்த வேலையை உறையின் வாய் செய்ய வேண்டும். உறையின் நீளம் சில தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாறினாலும் அமர்வு மாறும். இழுக்கும் நகத்துக்கும் ஸ்பிரிங் வைக்க வேண்டும். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் பழகியவன் நான். அங்கே என் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது, அசையும் பாகம் ஒன்றைக் குறைத்தால் பழுது ஒன்று குறையும் என்பது. அதை நான் எப்போதும் மீறியதில்லை.

.44 மேக்னமும் .357 மேக்ஸிமமும் மிஞ்சின. இரண்டிலும் விளிம்பு உண்டு. மேக்ஸிமத்தின் வரலாறுதான் என்னை அதன் பக்கம் இழுத்தது. 1983இல் ரெமிங்டனும் ரூகரும் சேர்ந்து கொண்டுவந்த தோட்டா அது. 1935 ஆம் ஆண்டின் .357 மேக்னத்தின் உறையை 1.29 அங்குலத்திலிருந்து 1.605 அங்குலத்திற்கு நீட்டினார்கள். ரிவால்வரில் அது தோற்றது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகப் பீறிட்ட அனல் வாயு மேற்பட்டையை அரித்தது, ரூகர் அந்த ரிவால்வரை நிறுத்திவிட்டது. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் அந்த இடைவெளியே கிடையாது. உறை குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ரிவால்வரைக் கெடுத்த அதே தோட்டா இங்கே எந்தத் தொந்தரவும் தருவதில்லை. மற்றொரு வசதி, அதே அறையில் .357 மேக்னம், .38 ஸ்பெஷல் இரண்டையும் போட்டுச் சுடலாம். பயிற்சிக்கு மலிவு. (.38 ஸ்பெஷல் உறை 1.155 அங்குலம். மாநில வரம்புக்கு ஐந்து தௌ குறைவு, ஆகவே மானுக்கு ஆகாது, தாளுக்கு மட்டும்.)

குறை என்ன? கடைகளில் மேக்ஸிமம் தோட்டா அபூர்வம். நாமே உறைகளை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஸ்டார்லைன் நிறுவனம் உறை தயாரிக்கிறது, நான் ஏற்கெனவே .223 நிரப்பி வந்தவன், அதனால் ஏற்றுக்கொண்டேன். இதில் இருப்பது சிறிய ரைஃபிள் பிரைமர் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), கைத்துப்பாக்கிப் பிரைமர் அல்ல. பெயரில் .357 இருப்பதைப் பார்த்து யாரும் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

பட்டறைக்கு அனுப்பிய படிவம் இப்படி இருந்தது: நீளம் 20 அங்குலம், உள்வரிகளுக்கு 14 அங்குலத்திற்கு ஒரு முறுக்கு, துருப்பிடிக்காத எஃகு, நடுத்தரத் தடிமன், முனையில் மரை வேண்டாம். தொண்டை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். உறையின் வாய்க்கு முன்னால், குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் தொடங்கும்வரை உள்ள நீளத்தையே தொண்டை என்கிறார்கள். வெறுமையாக விட்டால் பட்டறை தன் வழக்கமான ரீமரைப் பயன்படுத்தும். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

குழல் ஜூன் 9 அன்று வந்தது. 415 டாலர், அனுப்பும் செலவு 22. முதல் வாரம் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை, அளந்துகொண்டே இருந்தேன்.

முதலில் உறையின் அமர்வு. புது உறை ஒன்றை அறைக்குள் போட்டு, எஃகு அளவுகோலின் விளிம்பைக் குழலின் பின்முகத்தில் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உறையின் அடி பின்முகத்தோடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் இரண்டு தௌ மட்டும் நுழைந்தது, நல்ல அமர்வு. அடுத்து குழலை மாட்டி மூடி, பின்முகத்துக்கும் சட்டகத்தின் பின்சுவருக்கும் நடுவே கேஜை விட்டேன். நான்கு நுழைந்தது, ஐந்து நுழையவில்லை. ஆக மொத்தம் ஆறு தௌ ஆட்டம். பிரைமரை ஊசி தட்டத் தவறும் அளவுக்கு இது இல்லை. இதுவே பத்தைத் தாண்டியிருந்தால் குழலைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பிறகு அறையை வார்த்து எடுத்தேன். இதற்கென்று செர்ரோசேஃப் என்ற உலோகம் விற்கிறது. கொதிநீரின் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடும். அறைக்கு முன்னால் குழலுக்குள் துணியை அடைத்து, எண்ணெய் துடைத்த அறையில் ஊற்றினேன். அது உறைந்ததும் முதலில் சற்றுச் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்குத் திரும்பும், மைக்ரோமீட்டரை அப்போதுதான் வைக்க வேண்டும். நான் முதல் வார்ப்பை அவசரத்தில் இருபது நிமிடத்தில் அளந்து, அறை சிறிதாகக் கடையப்பட்டிருக்கிறது என்று பதறிவிட்டேன். மறுநாள் திரும்பவும் வார்த்து, கடிகாரம் பார்த்து அளந்ததில் எல்லாம் சரியாக இருந்தது. குழலின் உள்விட்டத்துக்கு மென்ஈயத் துண்டு ஒன்றை எண்ணெயிட்டு மரக்குச்சியால் மறுமுனைவரை தட்டித் தள்ளினேன். வரிப்பள்ளத்தின் அடிவிட்டம் .357, முழு நீளத்திலும் இறுக்கம் ஒரே மாதிரி இருந்தது. கையில் உணர்ந்த அந்தச் சீரான தடைதான் இந்தப் பட்டறையின் மேல் எனக்கு நம்பிக்கை தந்தது.

ஜூலை முதல் வாரம், பிரைட்டன் அருகே ஐலண்ட் லேக் சுடுதளம். உடன் வேலை செய்யும் தம்பி ஒருவரும் வந்தார், அவரும் கோவைக்காரர். 100 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டேன். அகலத்தில் ஒன்றேகால் அங்குலம், உயரத்தில் நாலரை அங்குலம். இரண்டாவது ஐந்தும் அப்படியே. குழல் சரியில்லை என்று எனக்கு மனம் உடைந்துவிட்டது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த அவர் சொன்னார், "அண்ணா, எல்லாம் ஒரே நேர்கோட்டில் மேலே ஏறுகின்றன. பக்கவாட்டில் போகவே இல்லை. குழல் கெட்டிருந்தால் எல்லாப் பக்கமும் சிதறியிருக்குமே?"

அவர் சொன்னது சரி. அகலம் ஒன்றேகால் என்றால் குழல் நல்ல குழல். மேலும் கீழும் தள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்பட்டது கீல் முளையை. தடிமன் கூடிய முளை ஒன்றை 18 டாலருக்கு வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்துத் துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியின் அடித்தட்டுத் திருகுகளைக் கழற்றி, துடைத்து, நீலப் பசையிட்டு மீண்டும் இறுக்கினேன். அதிலும் மாற்றம் இல்லை. இரண்டு வாரம் போயிற்று.

குற்றவாளி முன்கட்டை. கன்டென்டரில் முன்கட்டை நேரடியாகக் குழலிலேயே திருகப்படுகிறது. மணல்மூட்டையின் மேல் முன்கட்டையை வைக்கும்போது அந்த அழுத்தம் குழலுக்குப் போகிறது. மூட்டையில் அரை அங்குலம் முன்னே வைத்தால் ஒரு அழுத்தம், பின்னே வைத்தால் வேறு அழுத்தம். குண்டு மேலும் கீழும் போகிறது. தீர்வுக்கு ஆன செலவு இரண்டு டாலர். குழாய் மராமத்துக் கடையில் ரப்பர் வளையம் நான்கு வாங்கினேன். முன்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே, திருகு போகும் இடங்களில் ஒவ்வொன்றாக வைத்து, வளையம் சற்றே நசுங்கும்வரை மட்டும் இறுக்கினேன். கட்டைக்கும் குழலுக்கும் இடையே சுற்றிலும் அரை நூலுக்குக் குறைவான இடைவெளி கிடைத்தது. முன்பக்கம் ஒரு ரூபாய் நோட்டு தடையின்றிப் போய் வந்தது. அடுத்த சனிக்கிழமை அதே தோட்டா, அதே 100 கஜம்: உயரம் ஒன்றேமுக்கால், அகலம் ஒன்றேகால்.

ஆகஸ்டில் இன்னொரு பாடம், முந்தையதைவிட ஆபத்தானது. பயிற்சிக்காக ஈயக் குண்டு போட்ட .38 ஸ்பெஷல் இருநூறுக்கும் மேல் சுட்டேன். அதே நாள் கடைசியில், வழக்கமாக நிரப்பும் மேக்ஸிமம் தோட்டா ஐந்தைச் சுட்டபோது உறைகள் ஒட்டிக்கொண்டன. திறக்கக் கை வலித்தது. மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து வீட்டில் தராசைச் சோதித்தேன், மீதித் தோட்டாக்களைப் பிரித்து எடை பார்த்தேன். எல்லாம் சரி. அலுவலகத்தில் அச்சுகளின் உட்புறத்தைப் பார்க்க வைத்திருக்கும் போர்ஸ்கோப்பை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து உள்ளே விட்டதும் தெரிந்தது. குட்டை உறையின் வாய் நிற்கும் இடத்திற்கு முன்னால் கரியும் ஈயமும் சேர்ந்து வளையமாகக் கட்டியிருந்தது. நீண்ட உறையின் வாய் அந்த வளையத்துக்குள் நெருக்கப்படுகிறது. குண்டை விட்டு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. .40 அளவு வெண்கலத் தூரிகையைக் கரைப்பானில் நனைத்து, அறைக்குள் கையால் முறுக்கி முறுக்கி எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. இப்போது என் விதி இது: குட்டைத் தோட்டா ஐம்பது சுட்டால் அறையைத் தூரிகையிடாமல் நீண்டதைப் போடுவதில்லை.

குண்டுத் தேர்வு கடைசியாகத்தான் முடிந்தது. .357 விட்டத்தில் விற்கும் குண்டுகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியின் வேகத்தில் விரியச் செய்யப்பட்டவை. 158 கிரெயின் (குண்டின் எடையளவு) குண்டு என் குழலிலிருந்து வினாடிக்கு 2,100 அடியைத் தாண்டியது. தண்ணீர் நிரப்பிய பால் கேன்களை வரிசையாக வைத்து 50 கஜத்திலிருந்து சுட்டேன். முதல் கேன் சிதறியது, இரண்டாவதில் செப்புத் தூள், மூன்றாவதில் நகம் அளவு ஈயத்துண்டு. மானின் தோளில் இது நடந்தால் காயம் மேலோடு நின்றுவிடும், விலங்கு வலியோடு ஓடும். அதை நான் செய்யமாட்டேன். 180 கிரெயின் குண்டுக்கு மாறினேன். அதன் வேகம் சராசரி 1,950 அடி. நான்கு கேன்களைத் துளைத்து ஐந்தாவதில் காளான் போல விரிந்து கிடந்தது, எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தது. மருந்தின் அளவை இங்கே எழுதமாட்டேன். அது ஒவ்வொரு குழலுக்கும் மாறும், கையேட்டைத் திறந்து கீழ்நிலையிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஒன்று மட்டும்: ஹெச்110 மருந்தைப் பயன்படுத்துபவர்கள் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. குறைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் அந்த மருந்துக்குப் பொருந்தாது.

180 கிரெயினில் 100 கஜத்துக்கு ஐந்து துளைகள் 1.4 அங்குலத்திற்குள் வந்தன. தொலைநோக்கியை 100 கஜத்துக்கு நேராக்கினால் குண்டு 50 கஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று மேலே, 150 கஜத்தில் ஐந்து அங்குலம் கீழே விழுகிறது. 125 கஜத்தை எனக்கு எல்லையாக வைத்துக்கொண்டேன்.

செலவுக் கணக்கு: துப்பாக்கி 640, குழல் 437, தொலைநோக்கி அடித்தட்டும் வளையங்களும் 58, உறை 250க்கு 95, உறை நிரப்பும் டை 64, வார்ப்பு உலோகம் 32, பயன்படாத கீல் முளை 18, ரப்பர் வளையம் 2. மொத்தம் 1,346 டாலர். தொலைநோக்கியும் உறை நிரப்பும் பிரஸும் ஏற்கெனவே இருந்தன. .223 குழலை 210 டாலருக்கு விற்றேன். பிரைமர் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றைய தட்டுப்பாட்டில் ஆயிரம் பிரைமருக்கு 85 டாலர் கொடுத்தது இன்னும் உறுத்துகிறது.

நவம்பர் 18 அன்று வெயில் ஏறும் நேரத்தில் நான்கு மான்கள் காட்டோரமாக வந்தன. கொம்பில்லா மானுக்கான உரிமம் என்னிடம் இருந்தது. பெரியவரின் வேலிக்கம்பத்தில் முன்கட்டையைச் சாய்த்தேன். ரப்பர் வளையம் இல்லாத காலமாக இருந்தால் அந்தச் சாய்மானமே குண்டை நாலு அங்குலம் தூக்கியிருக்கும். குண்டு விலா எலும்புகளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. மான் முப்பது அடி ஓடி விழுந்தது. கறியில் பாதியைப் பெரியவருக்குக் கொடுத்தேன். மீதியில் என் மனைவி மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுவல் செய்தார். நல்லெண்ணெய் வழக்கத்தைவிட அதிகம் வேண்டும் என்றார், மான்கறியில் கொழுப்பே இல்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது மூன்று. ஒன்று, தொண்டைக் கட்டத்தை வெறுமையாக விடமாட்டேன். பட்டறையின் ரீமர் குட்டையான குண்டுகளை மனதில் வைத்துச் செய்தது போலிருக்கிறது. 180 கிரெயின் குண்டை நான் விரும்பும் நீளத்தில் வைத்தால் வரிப்பள்ளத்தைத் தொடுகிறது. உள்ளே தள்ளி அமர்த்தினால் மருந்துக்கு இடம் குறைகிறது. மருந்தும் பிரைமரும் இல்லாத உறை ஒன்றில் நான் விரும்பும் குண்டை விரும்பும் ஆழத்தில் அமர்த்தி, அந்தப் போலித் தோட்டாவை முன்பணத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு, 20 அங்குலத்துக்குப் பதில் 18. இந்த உறையில் அடங்கும் மருந்துக்கு அந்த இரண்டு அங்குலம் தரும் வேகம் சொற்பம், மரக்கிளைகளுக்கிடையே நடக்கும்போது அது தடை. மூன்றாவதை ஏற்கெனவே செய்துவிட்டேன். மாநிலக் கையேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, 1.16, 1.80 இரண்டையும் சிவப்பில் வட்டமிட்டு, பிரஸுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கையேடு வந்ததும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும்.